சுகமானவர்களின் குரல்

மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும், பருவ முடிவில் வகுப்புக்கு முன்னால் நின்று அதை விளக்க வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுப் பாடத்துப் பேராசிரியர் சொன்ன அன்றே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. குழு வேலை என்றால் ஒருத்தி முறிந்து வேலை செய்ய, மற்றவர்கள் பெயர் போடுவார்கள். அதுவரைக்கும் நான் கண்டது அதுதான். அந்த ஒருத்தி எப்போதும் நானாகத்தான் இருந்திருக்கிறேன். இந்த முறை எனக்கு வாய்த்தவர்கள் சென்னையிலிருந்து படிக்க வந்த ஒருவனும், மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரியும். அவன் ஓயாமல் பேசுவான். அவள் வாயே திறக்கமாட்டாள், ஆனால் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்து வைப்பாள்.

யோசனை சென்னைக்காரனுடையது. தொலைபேசியில் ஒருவர் பேசுவதைக் கேட்டே அவர் சுகமாக இருக்கிறாரா இல்லையா என்று கணினி சொல்ல வேண்டும். மற்ற மொழிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், நாங்கள் தமிழில் செய்வோம் என்றான். தனியே இருக்கிற வயதானவர்களுக்கு உதவும் என்று பெரிதாகக் கதை அளந்தான். குரலுக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"உங்க இலங்கை ஆளுங்கதான் இந்த ஊர்ல இவ்ளோ பேர் இருக்காங்களே," என்றான்.

கடைசியில் அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

பத்து வசனங்கள் எழுதினேன். எல்லோரும் அதே பத்தையும் வாசிக்க வேண்டும். "இன்றைக்கு வெளியில் நல்ல குளிர்", "காலையில் தேநீர் குடித்தேன்", "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று, எழுதும்போதே கொட்டாவி வருகிற வசனங்கள். சுகமானவர்களின் குரலை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கிற நேரத்தில் சேர்த்தேன். சுகமில்லாதவர்களின் குரலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கும் கோவில்தான் வழி விட்டது. பங்கில் நோயாளரைச் சந்திக்கப் போகும் பெண்களின் குழு ஒன்று உண்டு. அதை நடத்துகிற அன்ரி மன்னார்க்காரர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருக்கத் தெரியாமல், கிழமை நாட்களில் சூப்பும் செபமாலையுமாக ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மருந்து ஏற்றுகிற பிரிவில் எப்போதும் நாலைந்து தமிழர் இருப்பார்கள். புற்றுநோய்க்காரர்கள். ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு, ஆஸ்பத்திரியிலும் கேட்டு, தன் போனில் பதிந்து அனுப்பினார்.

"எல்லாம் வடிவாப் பதிஞ்சிருக்கு பிள்ளை. நீ படிப்பைப் பார், மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றார்.

தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அப்பா. அப்பா டோர்வலில் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். ஒலிவாங்கி பழுதானாலும் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கிற குரல். ஒரே ஆளின் குரல் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்க்க எங்களுக்கு ஒருவர் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், "நான் செய்யிறன்" என்றார். தினமும் காலை பத்து மணிக்குள் அந்தப் பத்து வசனங்களையும் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நான் கிழமை நாட்களில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். வெள்ளி பின்னேரம்தான் பஸ் பிடித்து, புவாண்ட்-கிளேருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போவேன். அதனால் அப்பாவின் குரல்தான் அந்த மாதங்களில் எனக்கு அப்பா.

மனுஷன் ஒரு நாள் தவறவில்லை. தேநீர் குடித்ததைக்கூட நற்செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாக வாசிப்பார். பத்தாவது வசனம் முடிந்ததும், கோவிலில் வாசகம் முடிக்கிற மாதிரி, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று ஒரு நக்கல் வேறு. ஒவ்வொரு பதிவிலும் அந்த வாலை வெட்டி எறிவது எனக்கு ஒரு தனி வேலை. "அப்பா, விசர்க்கதை கதைக்காமல் வாசிக்கிறதை மட்டும் வாசியுங்கோ" என்று எத்தனை முறை சொல்லியும் அடுத்த நாளும் அருள்வாக்கு வரும்.

அந்தப் பனிக்காலத்தில் அப்பா மெலிந்திருந்தார். அதை நான் காணாமல் இல்லை. கேட்டதற்கு, டொக்ரர் சீனி கூட என்று சொன்னவராம், சோற்றைக் குறைத்துவிட்டாராம். தலைமயிரைப் பார்த்துப் பிடிக்கவும் வழி இல்லை. அப்பாவுக்கு என் சின்ன வயதிலேயே மொட்டை. இன்னும் ஏதாவது கேட்டால், "பேந்து கதைப்பம், நீ சாப்பிடு" என்பார். எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் முதல் பதில் "பேந்து", அதாவது பிறகு, என்பதுதான்.

குரல்கள் எல்லாம் சேர்ந்ததும் கணினிக்குப் பழக்கினோம். ஒரு பகுதிக் குரல்களைக் கொடுத்து, இது சுகம், இது சுகமில்லை என்று சொல்லிக் கொடுப்பது. பிறகு அது கேட்டே இராத ஆட்களின் குரல்களைக் கொடுத்துச் சோதிப்பது. முதல் சோதனையிலேயே அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. சென்னைக்காரன் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டான். பிரெஞ்சுக்காரி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒருவரின் குரல்தான் பிழைக்கிறது என்று காட்டினாள். அப்பாவின் பதிவுகளில் பலதுக்குச் சுகம் என்று சொன்ன கணினி, சிலதுக்குச் சுகமில்லை என்று அடித்துச் சொன்னது.

"உங்க அப்பா கிளிப்தான் ரிசல்ட்டைக் கெடுக்குது. தூக்கிடலாமா?" என்றான் அவன்.

"என்ர அப்பாவைத் தூக்கிறதோ? முதல் உங்களைத் தூக்குறன், இருங்கோ," என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்தக் குரலில் என்ன நோய் இருக்கிறது? கேட்டால் கல்லும் எழும்பி நிற்கும்.

தூக்கவில்லை. அவள் அப்பாவின் பதிவுகளைத் தேதிப்படி அடுக்கினாள். சுகமில்லை என்று வந்த பதிவுகள் எல்லாம் புதன்கிழமைப் பதிவுகள். எனக்குப் பெரிய நிம்மதி. புதன்கிழமைகளில் தனக்கு விடிய வேலை என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே அவர் விமான நிலையத்தில் நின்று வாசித்திருப்பார், அந்த இரைச்சலில் கணினி குழம்பியிருக்கும் என்று விளக்கம் கொடுத்தேன். அப்படியென்றால் குரலை எடுத்துவிட்டு இரைச்சலை மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்றாள் அவள். எல்லோருடைய பதிவுகளிலும் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் ஆள் மூச்சு வாங்குகிற இடைவெளிகளை மட்டும் வெட்டி ஒட்டிக் கொடுத்தோம். ஒரு சொல்லும் இல்லாத பதிவுகள். அதே முடிவுகள் அப்படியே வந்தன.

எங்கள் கணினி ஒருவருடைய குரலையும் கேட்கவே இல்லை. அது அறையைக் கேட்டிருக்கிறது. சுகமில்லாதவர்கள் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே பிரிவில் இருந்து வாசித்தவர்கள். அந்த அறையின் காற்றுக் குழாய் இரைகிற சத்தம் இருந்தால் சுகமில்லை, இல்லாவிட்டால் சுகம். இவ்வளவுதான் அது படித்த வைத்தியம். பேராசிரியரிடம் போய்ச் சொன்னால் மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. பழுதைக் கண்டுபிடித்ததுதான் உங்கள் ஆராய்ச்சி, இதையே விளக்குங்கள் என்றார்.

ஆனால் பிரெஞ்சுக்காரிக்கு ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் ஒலியைப் படமாக்கித் திரையில் இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அன்ரி அனுப்பிய நோயாளர் ஒருவருடையது. மற்றது அப்பாவின் புதன்கிழமை. இரண்டிலும் அடியில் ஒரே உயரத்தில் ஒரே கோடு. "இது விமான நிலையம் இல்லை. உன் அப்பா அந்த ஆஸ்பத்திரியிலா வேலை செய்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இல்லை என்றேன்.

வெட்டாத மூலப் பதிவு என் போனில் இருந்தது. அதை எடுத்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். பத்து வசனம், "எனக்கு ஒரு குறையும் இல்லை", அதற்குப் பிறகு அருள்வாக்கு. அதன் பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்துகிற இடத்தை அப்பா எப்போதும் தேடித்தான் அமர்த்துவார். நான் ஒருநாளும் அந்தளவுக்குக் கேட்டதில்லை, அருள்வாக்கு வந்ததும் வெட்டிவிடுவேன். ஒரு மணி கிணுங்கியது. நோயாளர் பதிவுகளில் அந்த மணியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம். மருந்து ஏற்றுகிற பெட்டியின் மணி. ஒரு பெண் பிரெஞ்சில், கையை நீட்டுங்கள் ஐயா என்றாள். "மெர்சி" என்று நன்றி சொன்னார் அப்பா. அதற்கும் பின்னால், இன்னொரு தமிழ் ஆளின் குரல் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தது: இன்றைக்கு வெளியில் நல்ல குளிர்.

அன்ரி அங்கேதான் நின்றிருக்கிறார். ஒரே அறையில், ஒரே காலையில், அவர் மற்றவர்களைச் சுகமில்லாதவர்கள் என்று எனக்காகப் பதிந்திருக்கிறார். இரண்டு கதிரை தள்ளி ஒரு கையில் ஊசியோடு இருந்த அப்பா, மற்றக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு சுகமானவர் பக்கத்துக்கு வாசித்திருக்கிறார்.

பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை. கதவைத் திறந்த அம்மா, "இண்டைக்கு என்ன வந்து நிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சோபாவில் கிடந்தார்.

"எங்கை அப்பா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆர் சொன்னது?"

"எங்கை எண்டு கேக்கிறன்."

"ஈரலிலை," என்றார். "சின்னக் கட்டி."

"சின்னக் கட்டிக்கோ கிழமைக்குக் கிழமை மருந்து ஏத்துறாங்கள்? எப்ப தொடக்கம்?"

"கார்த்திகையிலை இருந்து. ஏன் சத்தம் போடுறாய்? இரு. உன்ர சோதினை முடியட்டும், பேந்து சொல்லுவம் எண்டுதான்."

நான் இருக்கவில்லை. ஆர் ஆருக்குத் தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பங்குச் சுவாமிக்குத் தெரியும். அன்ரிக்குத் தெரியும். அன்ரியின் குழுவில் எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவில் மாமாவுக்கு, லண்டனில் சித்திக்கு, அப்பாவோடு பெட்டி தூக்குகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையைப் பிடித்து, "படிப்பெல்லாம் எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்ட அத்தனை வாய்க்கும் தெரியும். நான் அப்பாவின் குரலை வெட்டித் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த மாதங்களில், ஊரே சேர்ந்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறது.

"படிக்கிற பிள்ளைக்கு ஆரும் சொல்லுவினமே?" என்றார் அம்மா. அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "எனக்கும் அப்பிடித்தானே செய்தவை. நான் ஏ.எல். சோதினை எழுதேக்கை எங்கட அப்பா மோசம் போனவர். கடைசிப் பேப்பர் எழுதி முடியும் வரைக்கும் பெரியம்மா வீட்டிலை வைச்சிருந்து, அதுக்குப் பிறகுதான் சொன்னவை. அடக்கமும் முடிஞ்சிட்டுது. ஆனால் நான் நல்ல ரிசல்ட்."

"அந்த ரிசல்ட்டை வைச்சு என்னம்மா செய்தனீங்கள்?"

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் சண்டை, பல்கலைக்கழகத்துக்கு எங்கே போவது. அம்மா நேரே கனடாவுக்கு வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டினார். இன்றைக்கும் ஒட்டுகிறார். அதைக் கேட்டிருக்கக்கூடாதுதான். ஆனால் எனக்கு அப்போது ஒருவரிலும் இரக்கம் வரவில்லை.

அப்பாதான் கையைக் காட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். மூச்சு வாங்குகிற இடைவெளி, காற்றுக் குழாய், மணி, எல்லாம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப உன்ர மெசின் வேலை செய்யுது," என்றார்.

"இல்லையப்பா, பிழையா வேலை செய்யுது. அது உங்களைக் கேக்கேல்லை. அறையைத்தான் கேட்டது."

"ஆனால் சரியாத்தானே சொன்னது?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா, என் குரலை நீக்கிவிடாதே, எல்லோருக்கும் காட்டு, விளக்கம் சொல்லுகிற அன்றைக்கு நன்றாக உடுத்திக்கொண்டு போ என்றார். நான் அழத் தொடங்கியிருந்தேன். அழுதுகொண்டே, இனி ஒன்றையும் மறைக்கக்கூடாது, என்ன நடந்தாலும் அந்த நிமிடமே எனக்குச் சொல்ல வேண்டும், சத்தியம் செய்யுங்கள் என்றேன். நான் பக்கத்தில் நிற்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றேன். அப்பா என் தலையில் கையை வைத்தார்.

"ஓம். இனி ஒண்டும் மறைக்கமாட்டம்," என்றார். அம்மாவும் தலையாட்டினார்.

அறையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடப் போகிறேன் என்றேன். விடவில்லை. ஆராய்ச்சி முடியட்டும் என்றார்கள் இரண்டு பேரும் ஒரே வாயாக. இடையிடையே போய் வந்தேன். புதன்கிழமைகளில் அந்தப் பிரிவுக்கு நானே கூட்டிப் போனேன். அன்ரியோடு நான் கதைக்கவில்லை. அவர் நீட்டிய சூப்பையும் வாங்கவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை டொக்ரர் மருந்தை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று அப்பாவிடம் கேட்டால், உடம்பு தேற ஓய்வு கொடுத்திருக்கிறார்களாம். டொக்ரரிடம் கேட்கலாம் என்று போனேன், அவர் உன் அப்பாவின் சம்மதம் வேண்டும் என்றார். அப்பா, "பேந்து" என்றார்.

விளக்கம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. தெருவெல்லாம் பனி உருகிச் சேறு. அப்பா சொன்னபடி நன்றாக உடுத்திக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு குழு பேசிக்கொண்டிருந்தது, அடுத்தது நாங்கள். வகுப்புக்கு வெளியே நின்று வீட்டுக்கு எடுத்தேன். அம்மா எடுத்தார்.

"அப்பா என்ன செய்யிறார்?"

"நல்ல நித்திரை பிள்ளை."

"வீட்டிலைதானே?"

"வேறை எங்கை? நான் கஞ்சி வைச்சுக்கொண்டு நிக்கிறன். அப்பாவும் சொன்னவர், நீ ஒண்டையும் யோசியாமல் செய்துபோட்டு வா."

அம்மா மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் எனக்கு அது கேட்டது. மாதக்கணக்காகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட அந்த ஆஸ்பத்திரிக் காற்றுக் குழாயின் இரைச்சல், எனக்குப் பிழைக்காது. இந்த முறை மணி இல்லை. பெண்கள் சேர்ந்து தாழ்ந்த குரலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னுக்குச் சொல்லிக் கொடுத்தது அன்ரியின் குரல்.

"சரியம்மா," என்று வைத்துவிட்டேன்.

உள்ளே போய்ச் சென்னைக்காரனின் தோளைத் தட்டினேன். என்னைப் பார்த்ததுமே, "அப்பாவா?" என்றான். "ஓம்" என்றேன். "கிளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்." பிரெஞ்சுக்காரி என் கோட்டை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் கூடவே ஓடி வந்து, டாக்சி வரும் மட்டும் மெல்லிய சட்டையோடு குளிரில் நின்றாள்.

வழி முழுக்க அம்மாவை ஏசச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்களே, உங்களுக்கு உங்கள் அப்பாவைக் காட்டாமல் விட்டது போதாதா, எனக்கும் அதையேதான் செய்வீர்களா? எல்லாவற்றையும் அன்ரிக்கு முன்னால் வைத்தே கேட்பதென்று இருந்தேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் என்னைக் கண்டதும் அம்மா திடுக்கிட்டுப்போனார். கஞ்சியும் இல்லை, ஒன்றும் இல்லை, கையில் செபமாலை. உள்ளே அப்பா வாய் திறந்தபடி கிடந்தார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீண்ட நேரம் போனது. பெண்கள் செபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் வந்தனி?" என்றார் அம்மா. "செய்து காட்டாமல் வந்திட்டியே?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து அவர் அந்த ஒன்றுக்காகத்தான் அழாமல் நின்றிருக்கிறார்.

"செய்திட்டன் அம்மா," என்றேன். "எங்களைத்தான் முதல் கூப்பிட்டவை. நல்லாச் செய்தனான். எல்லாரும் கை தட்டினவை."

அம்மா உடனே அப்பாவின் காதடியில் குனிந்தார். "கேட்டுதே அப்பா? பிள்ளை நல்லாச் செய்திட்டாளாம். இஞ்சை வந்து நிக்கிறாள்." நான் மற்றப் பக்கம் போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். கணினிப் பை இன்னும் தோளில் கிடந்தது. அன்ரி விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடங்கினார்.

"விரல் அசைஞ்சது," என்றார் அம்மா. "அவருக்குக் கேட்டிட்டுது. கண்டனியே?"

என் கைக்குள் இருந்த விரல் அசையவில்லை.

"ஓம் அம்மா," என்றேன். "கண்டனான்."